நீலமா, சிவப்பா? லிவர்பூல் நகரத்து டெர்பியில் வம்பிழுக்கப் புதிதாக வருபவர்களுக்கு

லிவர்பூலுக்குப் படிக்கவோ வேலைக்கோ போய் இறங்கும் யாரும் முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வியைச் சந்தித்துவிடுவார்கள்: ரெட்டா, ப்ளூவா? டாக்ஸிக்காரர் கேட்பார், முடிவெட்டுபவர் கேட்பார், ஆஸ்பத்திரி வார்டில் கூட வேலை பார்ப்பவர் கேட்பார். ரெட் என்றால் லிவர்பூல் கால்பந்து கிளப், ப்ளூ என்றால் எவர்ட்டன். ஒரே ஊரின் இந்த இரண்டு அணிகளும் மோதும் மேட்ச்தான் டெர்பி. முதலாவது 20 லீக் பட்டமும் 6 ஐரோப்பியக் கோப்பையும் (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) வைத்துக்கொண்டு உலகமெங்கும் ஜெர்சி விற்கிறது. மற்றது 9 முறை லீக் வென்றது. ஆனால் 1995 எஃப்.ஏ. கோப்பைக்குப் பிறகு பெரிய கோப்பை எதையும் தொடவில்லை.

ஒரே வீட்டில் அப்பா சிவப்பு, அம்மா நீலம், பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் என்பது அங்கே சாதாரணம். அதனால் கிண்டலுக்கு ஓய்வே கிடையாது. ஒரே சோற்றைத் தின்பவர்கள் என்பதால் அந்தக் கிண்டலுக்கு எழுதப்படாத வரம்புகளும் உண்டு. சென்னையிலோ கொழும்பிலோ டிவி பார்த்து ரசிகரான ஒருவர் அந்த வரம்பு தெரியாமல் நடுவே புகும்போதுதான் சிக்கல் வருகிறது.

முதல் படி: நிறத்தைச் சொல்லுங்கள், காரணத்தையும் தயாராக வையுங்கள்

"ரெண்டுமே பிடிக்கும்" என்ற பதிலை மட்டும் சொல்லாதீர்கள். அதற்கு மேல் பேச அவர்களுக்கு ஒன்றும் இருக்காது. உண்மையிலேயே முடிவு செய்யவில்லை என்றால் அப்படியே சொல்லலாம். இரண்டு தரப்பும் உங்களைத் தங்கள் பக்கம் இழுக்கப் பார்க்கும், அந்தச் சில வாரங்கள் நன்றாகவே போகும்.

சிவப்பு என்று சொன்னால் அடுத்த கேள்வி "ஏன்?" என்பதுதான். எவர்ட்டன்காரர்களின் பழைய ஆயுதமே இது. லிவர்பூல் ரசிகர்களில் பாதிப் பேர் விமானத்தில் வந்து இறங்குபவர்கள், மேட்சுக்கு முன்னால் கிளப் கடைக்குப் போய்ப் பெரிய பையோடு வருபவர்கள் என்பார்கள். தமிழ் பேசும் லிவர்பூல் ரசிகர் இந்தக் கிண்டலுக்கு அச்சில் வார்த்தது போல் பொருந்துவார், தப்பிக்க வழியே இல்லை. தாத்தா லிவர்பூல் துறைமுகத்தில் கப்பலேறினார் என்று கதை கட்ட வேண்டாம், இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். "2005-ல் இஸ்தான்புல் ஐரோப்பியக் கோப்பை ஃபைனல் பார்த்தேன், மூணு கோல் வாங்கிட்டுத் திரும்பி ஜெயிச்சாங்க, அன்னையிலிருந்து" என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஜெயிக்கிற பக்கம் சாய்ந்தவன் என்று ஒரு குத்து விழும். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டால் அத்தோடு முடிந்தது.

தொலைதூரத்தில் இருந்துகொண்டு எவர்ட்டனைப் பிடித்தவருக்கு வேறு மாதிரி வரவேற்பு. உன்னை யார் இதில் கொண்டுவந்து தள்ளியது என்று சிவப்புக்காரர் கேட்பார். நீலக்காரர் கொஞ்ச நேரம் நம்ப மாட்டார், நம்பியதும் டீ வாங்கித் தருவார்.

இங்கேயே இன்னொன்று. மைதானத்துக்கு வெளியே தெருவோரத்தில் பாதி சிவப்பு, பாதி நீலமாக, அன்றைய தேதி அச்சிட்ட ஸ்கார்ஃப் விற்பார்கள். அதைக் கழுத்தில் போடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் இரு கிளப் ரசிகர்களுக்கும் கருத்து வேறுபாடே இல்லை: அதைப் போட்டிருப்பவர் சுற்றுலாப் பயணி. ஞாபகத்துக்கு வேண்டுமானால் வாங்கி நேராகப் பைக்குள் வையுங்கள்.

இரண்டாவது படி: 1892-ல் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாச் சண்டையும் கடைசியில் இங்கே வந்து நிற்கும் என்பதால் இதை மட்டும் தடுமாறாமல் சொல்லத் தெரிய வேண்டும்.

எவர்ட்டன் 1878-ல் செயின்ட் டொமிங்கோ என்ற தேவாலயத்தின் அணியாகத் தொடங்கி, அடுத்த ஆண்டே எவர்ட்டன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1884 முதல் அவர்கள் விளையாடிய இடம் ஆன்ஃபீல்ட். ஆம், இன்றைக்கு லிவர்பூலின் கோயிலாக இருக்கும் அதே ஆன்ஃபீல்ட். 1891-ல் எவர்ட்டன் முதல் லீக் பட்டத்தை வென்றதும் அங்கே இருந்தபோதுதான். மைதானம் ஜான் ஹோல்டிங் என்ற பியர் வியாபாரியின் பிடியில் இருந்தது. வாடகை உயர்வில் தொடங்கிய தகராறு முற்றி, 1892-ல் எவர்ட்டன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்டான்லி பூங்காவின் மறுபக்கம் போய் கூடிசன் பார்க்கை அமைத்தது. ஹோல்டிங் கையில் காலி மைதானம். அதை நிரப்ப அவர் தொடங்கிய அணிதான் லிவர்பூல். எவர்ட்டன் என்ற பெயரையே வைத்துக்கொள்ளப் பார்த்தார், கால்பந்துச் சங்கம் விடவில்லை.

நீலக்காரர் இதை எப்படிச் சொல்வார் என்று ஊகிக்கலாம்: "நாங்க காலி பண்ணின வீட்லதான் நீங்க குடியிருக்கீங்க." கூடவே ஒரு உபரி: லிவர்பூலின் முதல் ஜெர்சி நீலமும் வெள்ளையும். சிவப்பு 1896-ல்தான் வந்தது. இதை மறுக்க சிவப்புக்காரரால் முடியாது. "வீட்டைக் காலி பண்ணினது நீங்க, வீட்டுக்குக் கோப்பை கொண்டுவந்தது நாங்க" என்பதுதான் அவருக்கு இருக்கும் ஒரே ஒழுங்கான பதில்.

முதல் லீக் டெர்பி 1894 அக்டோபர் 13-ல் கூடிசனில் நடந்தது, எவர்ட்டன் 3-0 என்று ஜெயித்தது. இதைச் சொல்பவர் நீலக்காரராக இருந்தால், அவரிடம் அன்றைக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது படி: கைவசம் சரக்கு, அதற்கு வரும் பதிலோடு

ஒரு குத்தை விடுவதற்கு முன் திரும்பி வரப்போகும் குத்து தெரிந்திருக்க வேண்டும். புதியவர்கள் தவறுவது இங்கேதான். முதல் வரியைப் பாடம் செய்துகொண்டு வருவார்கள், இரண்டாவது வரி இருக்காது.

நீங்கள் சிவப்பு என்றால் கோப்பைக் கணக்கை முதலில் எடுக்காதீர்கள். அது உண்மை, எல்லோருக்கும் தெரியும், அதனாலேயே சப்பென்று இருக்கும். கொஞ்சம் உள்ளே போங்கள். எவர்ட்டன் லீக் கோப்பையை (லீக் பட்டம் வேறு, இது தனி நாக்-அவுட் போட்டி) ஒருமுறைகூட வென்றதில்லை. 1977, 1984 இரண்டு ஃபைனலிலும் தோற்றார்கள், 1984-ல் தோற்றது லிவர்பூலிடமே. 1999 செப்டம்பரில் ஆன்ஃபீல்டில் ஜெயித்தவர்கள் அங்கே அடுத்து ஜெயித்தது 2021 பிப்ரவரியில். அதுவும் கொரோனா காலம் என்பதால் இருக்கைகள் காலி. பார்க்க ஒரு ரசிகர்கூட இல்லை. இது வலிக்கும், ஆனால் சிரிப்பும் வரும்.

கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பித்ததற்காக எவர்ட்டன் ரசிகர்கள் மைதானத்துக்குள் ஓடிக் கொண்டாடுகிறார்கள் என்பது அடுத்த வழக்கமான கிண்டல். 2022-ல் கிரிஸ்டல் பேலஸ், 2023-ல் போர்ன்மத் அணிகளோடு ஆடிய மேட்சுகள் என்று உதாரணங்கள் உண்டு. ஆனால் இதைச் சொன்னால் 1954 உங்கள் தலையில் வந்து விழும். அந்த ஆண்டில்தான் எவர்ட்டன் முதல் பிரிவுக்கு ஏறியது, லிவர்பூல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. ஏறியவர்கள் அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. இறங்கியவர்கள் திரும்பி வர 1962 ஆயிற்று. இதற்கு உங்களிடம் ஒரு சீட்டு உண்டு: 1955 ஜனவரியில் இரண்டாம் பிரிவில் இருந்துகொண்டே லிவர்பூல் கூடிசனுக்குப் போய் எஃப்.ஏ. கோப்பையில் 4-0 என்று அடித்தது. இதைத் தெரிந்து வைத்திருக்கும் வெளியூர்க்காரருக்கு ஒரு தலையசைப்பு கிடைக்கும்.

நீங்கள் நீலம் என்றால் சரக்கு இன்னும் ருசியானது. சின்னவர் பக்கம் நின்று அடிப்பதில் எப்போதுமே சுகம் அதிகம்.

முதலாவது, லிவர்பூலின் கோல்காரர்கள். டெர்பி வரலாற்றிலேயே அதிகமாக 25 கோல் போட்ட இயன் ரஷ் சிறுவயதில் எவர்ட்டன் ரசிகர். ராபி ஃபவுலர், மைக்கேல் ஓவன், ஸ்டீவ் மெக்மனமன், ஜேமி கேரகர் எல்லோரும் அப்படித்தான். "உங்களுக்குக் கோல் போட்டதெல்லாம் எங்க வீட்டுப் பசங்க" என்ற வரிக்கு நல்ல பதிலே கிடையாது.

இரண்டாவது, பில் ஷாங்க்லி. லிவர்பூலைப் பெரிய கிளப்பாக்கிய மேலாளர், எவர்ட்டனை மட்டம் தட்டி அவர் விட்டதாகச் சொல்லப்படும் வரிகள் சுவரொட்டி போல ஊரெங்கும் உண்டு. சிவப்புக்காரர் அதில் ஒன்றை எடுத்தால், 1974-ல் ஷாங்க்லி ஓய்வு பெற்ற பிறகு அவரை அன்போடு வரவேற்ற பயிற்சித் திடல் எது என்று கேளுங்கள். அவர் வீட்டுப் பக்கத்திலேயே இருந்த எவர்ட்டனின் பெல்ஃபீல்ட் அது. அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது, 2024 ஏப்ரல் 24. பட்டப் போட்டியில் இருந்த லிவர்பூல் கூடிசனில் 0-2 என்று தோற்றது. பட்டத்தைக் கூடிசனில் தொலைத்தீர்கள் என்று அன்றைக்கு அரங்கமே பாடியது. இதற்குப் பதில், அடுத்த சீசன் முடிவில் லிவர்பூல் வென்ற 20-ஆவது லீக் பட்டம். ஆகவே இதை அளவோடு பயன்படுத்தவும்.

2005-ஐ இரண்டு பக்கமும் எடுக்கலாம். அந்த லீக்கில் எவர்ட்டன் நான்காவது, லிவர்பூல் ஐந்தாவது. ஆனால் ஐந்தாவதாக வந்தவர்கள் அதே மாதத்தில் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிவிட்டார்கள். நான்காவதாக வந்தவர்கள் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் வியாரியலிடம் தோற்று வெளியேறினார்கள். பக்கத்து வீட்டுக்காரரை ஒருவழியாக முந்திய வருடத்திலேயே இப்படி நடந்தால் மனிதன் என்னதான் செய்வான்! எவர்ட்டன் ரசிகராக இருப்பது என்னவென்று புரிய இந்த ஒரு வருடம் போதும்.

"சின்ன கிளப்" என்ற சொல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2007 பிப்ரவரியில் ஆன்ஃபீல்டில் 0-0 என்று முடிந்த டெர்பிக்குப் பிறகு, லிவர்பூல் மேலாளர் ரஃபா பெனிட்டஸ் எவர்ட்டனைச் சின்ன கிளப் என்று சொன்னார். 14 ஆண்டு கழித்து, 2021-ல், அதே பெனிட்டஸ் எவர்ட்டனுக்கே மேலாளராக வந்தார். யாரும் மறந்திருக்கவில்லை. 2022 ஜனவரியில் வேலை போயிற்று. தோற்றதால் போயிற்று என்பதுதான் உண்மை. ஆனால் அந்த ஒரு சொல் இல்லாமலிருந்தால் அரங்கம் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கும். சின்னது, பெரியது என்ற பேச்சை எவர்ட்டன்காரரே தன்னை நக்கலடித்துக்கொண்டு எடுப்பார், அப்போது சிரிக்கலாம். நீங்களாக எடுத்தால், நகரத்தின் மூத்த கிளப்பைப் பார்த்து நேற்று வந்தவர் பேசியதாகிவிடும்.

நான்காவது படி: விசில் ஊதும்வரை வாயைத் திறக்காதீர்கள்

இந்த டெர்பி கடைசி நிமிடங்களில் புரளும். 2001 ஏப்ரலில் கூடிசனில் 2-2 என்று இருந்தபோது, லிவர்பூலின் கேரி மெக்கலிஸ்டர் 94-ஆவது நிமிடத்தில் நாற்பது கெஜத்துக்கும் மேலே இருந்து ஃப்ரீ கிக்கை உள்ளே அனுப்பினார். 2016 டிசம்பரில் சாடியோ மானே, மறுபடியும் 94. 2018 டிசம்பரில் ஆன்ஃபீல்டில் பந்து கோல் கம்பத்தின் மேல்சட்டத்தில் விழுந்து துள்ளியது, எவர்ட்டன் கோல்கீப்பர் பிக்ஃபோர்ட் அதை வெளியே தள்ள முடியாமல் திணறினார், டிவோக் ஒரிகி தலையால் தட்டினார், 96-ஆவது நிமிடம். எவர்ட்டன்காரர்கள் இதற்கெல்லாம் சேர்த்து வாங்கிக்கொண்டது 2025 பிப்ரவரி 12-ல், கூடிசனில் நடந்த ஆண்கள் அணிகளின் கடைசி லீக் டெர்பியில். ஜேம்ஸ் டார்கோவ்ஸ்கி 98-ஆவது நிமிடத்தில் அடித்து 2-2 ஆக்கினார். விசில் ஊதிய பிறகு நடந்த தள்ளுமுள்ளில் லிவர்பூல் மேலாளர் ஆர்னே ஸ்லாட் உட்பட நான்கு பேருக்குச் சிவப்பு அட்டை.

ஆகவே 90-ஆவது நிமிடத்தில் வாட்ஸ்அப் குழுவில் சிரிப்பு பொம்மை போடுவது தற்கொலை. அது அழியாது. நீங்கள் அழித்தாலும் யாராவது ஸ்கிரீன்ஷாட் வைத்திருப்பார்கள், அடுத்த டெர்பி வரை அது சுற்றும்.

விசிலுக்குப் பிறகு பத்து நிமிடம் விடுங்கள். பிறகு ஒரு செய்தி, ஒன்றே ஒன்று. ஜெயித்தவர் பத்துப் படம் அனுப்பினால் தோற்றவர் குழுவை மௌனமாக்கிவிட்டுத் தூங்கப் போவார், ஒன்று அனுப்பினால் பதில் வரும். லிவர்பூலில் வேலை பார்க்கும் இரண்டு தமிழ் நண்பர்களுக்குள் அது இப்படி இருந்தால் போதும்:

"மச்சான், நாளைக்கு ஷிஃப்டுக்கு வருவியா, இல்ல லீவா?"

"வருவேன்டா. 1892-ல இருந்து வந்துட்டுத்தான் இருக்கோம்."

மறுநாள் வேலையிடத்தில் தோற்றவர் முதலில் பேசட்டும். மதியச் சாப்பாடு வரை அவர் பேசவில்லை என்றால் அதற்குப் பிறகு உங்கள் இஷ்டம்.

ஐந்தாவது படி: டிக்கெட், இருக்கை, நிறம்

போட்டி அட்டவணை ஜூன் நடுவில் வெளியாகும். ஆனால் டிவிக்காக நாளும் நேரமும் பிறகு மாறும். டிவி தேர்வு அறிவிக்கப்படும் முன்பே பணம் திரும்பாத விமான டிக்கெட்டோ அறையோ போட்டுவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

டெர்பிக்குப் பொது விற்பனை என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லை. கிளப் உறுப்பினர் ஆக வேண்டும். அதன் பிறகும் லிவர்பூலில் குலுக்கல்தான், அது பாதி சீசனுக்கு ஒருமுறை முன்கூட்டியே நடந்துவிடும். டெர்பிக்கு இரண்டு வாரம் முன்னால் உறுப்பினர் ஆகிவிட்டுத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. எதிரணி ரசிகர்களுக்கான பகுதியில் சுமார் 3,000 இருக்கைகள், அவை வருடக்கணக்காக வெளியூர் மேட்சுகளுக்குப் போய் வருபவர்களுக்கே போய்விடும். குலுக்கலில் விழவில்லை என்றால் கிளப் நேரடியாக விற்கும் விருந்தோம்பல் டிக்கெட் ஒரு வழி. விலை கூட, ஆனால் உள்ளே விடுவார்கள். கிளப்பின் அனுமதி இல்லாமல் கால்பந்து டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது இங்கிலாந்தில் 1994 சட்டப்படி குற்றம். தெருவில் விற்பவரிடம் வாங்கினால் வாசலில் இயந்திரம் திறக்காது, பணமும் திரும்பாது. டிக்கெட் பெரும்பாலும் ஃபோனில்தான் என்பதால் பேட்டரியை முழுதாக ஏற்றிக்கொண்டு போங்கள்.

இருக்கை எந்தப் பகுதியில் என்று பார்த்துவிட்டு ஆடையை முடிவு செய்யுங்கள். உள்ளூர் அணியின் பகுதியில் எதிரணி நிறத்தோடு உட்கார்ந்தால் ஊழியர்கள் வெளியே அனுப்பலாம், விதியே அப்படி. பழைய காலத்தில் இரு நிறமும் கலந்து நின்று பார்த்த டெர்பி இது. இன்றும் உள்ளூர்ப் பகுதியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் எதிரணிக்காரர் சிலர் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களைக் காட்டிக்கொடுப்பது ஜெர்சி அல்ல, அவர்களுடைய அணி கோல் போடும் அந்த ஒரு நொடி. உடம்பு தானாக எழும். அப்படி ஒரு இருக்கை உங்களுக்குக் கிடைத்திருந்தால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாது என்று தோன்றினால் போகாமல் டிவியில் பார்ப்பது நல்லது. கறுப்பு, சாம்பல் கோட்டு எங்கேயும் பாதுகாப்பு.

ஆன்ஃபீல்டுக்கு அருகே ரயில் நிலையம் இல்லை. நகர மையத்திலிருந்து மேட்ச் நாளில் ஓடும் 917 பேருந்து உண்டு, லைம் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் முக்கால் மணி நேரம் ஆகும். எவர்ட்டன் 2025 மேயில் கூடிசனில் ஆண்கள் அணியின் கடைசி மேட்சை ஆடிவிட்டு, பிராம்லி-மூர் துறையில் கட்டிய ஹில் டிக்கின்சன் அரங்கத்துக்கு மாறிவிட்டது. இடம் 52,000 பேருக்கு மேல். பழைய பயணக் குறிப்புகளைப் பார்த்துக் கூடிசனுக்குப் போய் நிற்காதீர்கள், அங்கே இப்போது எவர்ட்டன் பெண்கள் அணி ஆடுகிறது. புதிய அரங்கத்துக்குச் சாண்ட்ஹில்ஸ் நிலையத்தில் இறங்கிக் கால் மணி நேரத்துக்குச் சற்று மேலே நடக்க வேண்டும். மேட்ச் முடிந்ததும் அந்தச் சின்ன நிலையத்தில் நீளமான வரிசை நிற்கும், துறைமுகச் சாலை வழியாக நகர மையத்துக்கு நடப்பதே பல நேரம் முந்தும். ஆற்றங்கரை என்பதால் மெர்சி நதிக்காற்று காதை அறுக்கும். குளிர்காலத்தில் குல்லாவும் கையுறையும் இல்லாமல் போக வேண்டாம்.

பெரிய பைகளை உள்ளே விட மாட்டார்கள், அளவை கிளப் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பியர் உள்ளே விற்பார்கள், ஆனால் இருக்கைக்குக் கொண்டுவர முடியாது. ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது குடிப்பதை 1985 சட்டம் தடுக்கிறது. வண்ணப்புகைக் குழல் கொண்டுபோவது நேராக வழக்கு.

ஆன்ஃபீல்டில் மேட்ச் தொடங்கும் முன் "யூ வில் நெவர் வாக் அலோன்" பாடும்போது ஸ்கார்ஃபை இரு கையிலும் விரித்துத் தலைக்கு மேலே பிடிப்பார்கள். நீங்கள் நீலம் என்றால் உங்கள் பகுதி அந்த நேரத்தில் என்ன பாடுகிறதோ அதைப் பாடுங்கள், அது அனுமதிக்கப்பட்ட சத்தம். எவர்ட்டன் அணி இறங்கும்போது ஒலிப்பது 1960-களின் போலீஸ் டிவி தொடர் ஒன்றின் இசை. அதற்குச் சிவப்புக்காரர் முகத்தைச் சுளிக்கலாம்.

ஆறாவது படி: கிண்டல் நிற்க வேண்டிய இடம்

1989 ஏப்ரல் 15-ல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதிக்கு வந்த லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் சிக்கினார்கள். இறந்தவர் கணக்கு 97. அடுத்த நாட்களில் ஆன்ஃபீல்டுக்கும் கூடிசனுக்கும் நடுவே ஸ்டான்லி பூங்கா வழியாகச் சிவப்பும் நீலமுமான ஸ்கார்ஃப்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு ஒரு தொடரே கட்டினார்கள். அந்த வருட எஃப்.ஏ. கோப்பை ஃபைனலில் மோதியதும் இந்த இரு அணிகளே. 2007-ல் எவர்ட்டன் ரசிகனான 11 வயதுச் சிறுவன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டபோது, ஆன்ஃபீல்டில் எவர்ட்டனின் அந்த வரவேற்பு இசையைப் போட்டார்கள், அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

எனவே இதுவெல்லாம் கிண்டலுக்கான பொருள் அல்ல. ஹில்ஸ்பரோ இல்லை. 1985-ல் லிவர்பூலும் யுவென்டஸும் மோதிய ஐரோப்பியக் கோப்பை ஃபைனலின்போது 39 பேர் இறந்த பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் இல்லை. ஹெய்சலுக்குப் பிறகு ஆங்கில கிளப்புகளுக்குத் தடை வந்ததால் 1985 சாம்பியனான எவர்ட்டனுக்கு ஐரோப்பியக் கோப்பை ஆடும் வாய்ப்பே போயிற்று. நீலக்காரர்களிடம் அந்த வருத்தம் உண்டு, சில நேரம் அவர்களே பேசுவார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ஜோக்காக மாற்றாதீர்கள். இப்படிப்பட்ட துயரங்களை வைத்து அரங்கில் பாடுபவர்களுக்குக் கிளப் தடை மட்டுமல்ல, போலீஸ் வழக்கும் வரும்.

"தி சன்" நாளிதழையும் கையில் கொண்டுபோகாதீர்கள், அதிலிருந்து செய்தியும் பகிராதீர்கள். ஹில்ஸ்பரோவுக்குச் சில நாள் கழித்து ரசிகர்கள் மேலேயே பொய்ப் பழி போட்ட பத்திரிகை அது. நகரத்தில் நிறம் பார்க்காமல் இன்றும் புறக்கணிக்கிறார்கள்.

மான்செஸ்டர், லண்டன் ரசிகர்களிடமிருந்து கற்ற ஜோக்குகளை இங்கே இறக்குமதி செய்வதுதான் புதியவர்கள் தெரியாமல் செய்யும் பெரிய பிழை. லிவர்பூல்காரர்கள் வேலையில்லாதவர்கள், திருடர்கள், ஏழைகள் என்று பாடும் பாட்டுகளை இணையத்தில் நிறையக் கேட்கலாம். எவர்ட்டன்காரரை மகிழ்விக்க லிவர்பூல் கிளப்பின் மேல் அதை வீசுவதாக நினைத்துச் சொல்வீர்கள். அது அவர் தெருவையும் சேர்த்தே அடிக்கிறது. கல்யாண வீட்டில் சம்பந்திகள் ஒருவரையொருவர் சாப்பாட்டை வைத்து நக்கல் பண்ணுவார்கள். அடுத்த தெருக்காரர் வந்து அதையே பண்ணினால் இரண்டு பக்கமும் சேர்ந்து அவரைப் பார்த்துத் திரும்பும்.

இந்த வரம்புகளை வைத்துக்கொண்டு இதை நட்பு டெர்பி என்று சொல்வதுண்டு. வெளியே அது சரிதான். ஆடுகளத்துக்குள் பிரீமியர் லீக்கிலேயே அதிகச் சிவப்பு அட்டை விழுந்த மோதல் இதுதான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ஏழாவது படி: பந்தயம் கட்டும் முறை

காசு வைக்காதீர்கள். தோற்றவர் பணம் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும், கிண்டல் அங்கேயே செத்துவிடும். தோற்றவர் ஒரு வாரம் டீ போட வேண்டும், ஒரு நாள் ஃபோன் முகப்பில் எதிரணிச் சின்னம் வைக்க வேண்டும் என்பது போல வையுங்கள். எதிரணி ஜெர்சி போட வைப்பது நல்ல தண்டனைதான், ஆனால் இரவல் ஜெர்சியாக இருக்கட்டும். எதிரணிக்குக் காசு போகும்படி புது ஜெர்சி வாங்க வைப்பதைச் சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். டிரா ஆனால் என்ன என்று முன்பே பேசுங்கள். இந்த டெர்பியில் டிரா நிறைய. பேசாமல் விட்டால் கடைசி நிமிடத்தில் சமன் செய்தவர் ஜெயித்ததாக வாதாடுவார், தார்மீகமாக அவர் சொல்வதில் நியாயமும் இருக்கும்.

தோற்றவர் உணவு வங்கிக்குக் கொடுக்க வேண்டும் என்று வைப்பது நகரத்து வழக்கத்தோடு பொருந்தும். 2015-ல் இரு கிளப் ரசிகர் அமைப்புகளும் சேர்ந்து தொடங்கிய முயற்சி ஒன்று, மேட்ச் நாட்களில் அரங்கத்துக்கு வெளியே உணவுப் பொருள் சேகரிக்கிறது. டின் மீன், பாஸ்தா, அரிசி, கெட்டுப்போகாத பால், குழந்தை டயப்பர் போன்றவை எடுப்பார்கள். தோற்றவர் ஒரு பை, ஜெயித்தவர் அரைப் பை என்று வைத்தால் யாருக்கும் குறை இல்லை.

ஊரிலிருந்து பார்ப்பவர்களுக்கு

பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம், மற்ற மாதங்களில் நாலரை. இந்தியா, இலங்கை இரண்டுக்கும் ஒரே கணக்கு. மதியம் 12:30 மேட்ச் குளிர்காலத்தில் நமக்கு மாலை 6 மணி, மற்ற காலத்தில் 5 மணி. கூட்டம் சேர்த்துப் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. அறையில் ஒரு நீலக்காரராவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பத்து சிவப்பு ரசிகர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் மேட்ச் நடக்கும், டெர்பி நடக்காது. ஆளே கிடைக்கவில்லை என்றால் மான்செஸ்டர் ரசிகர் ஒருவரை அன்றைக்கு மட்டும் எவர்ட்டனுக்கு இரவல் வாங்கலாம். அவர் சந்தோஷமாகவே வருவார்.

புதன் இரவு 8 மணி மேட்ச் என்றால் குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை. அழைக்கும்போது "வியாழன் ஒன்றரை மணி" என்று அனுப்பினால் பாதிப் பேர் வியாழன் ராத்திரி வந்து கதவைத் தட்டுவார்கள். "புதன் ராத்திரி சாப்பிட்டுட்டு வாங்க, தூங்காதீங்க" என்று அனுப்புங்கள்.